21,50,400: இம்மிக் கணக்குக்கு அடியில் இருக்கும் எண்

முந்திரி, இம்மி, மும்மி, அணு, தேர்த்துகள் என்று இறங்கும் பின்னப் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. "நம் முன்னோர் அணுவையே அளந்தார்கள்" என்ற தலைப்பும் கூடவே வரும். செட்டிநாட்டில் பழைய பேரேடும் எண்சுவடியும் பெட்டகத்தில் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அங்கே இந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. இம்மி என்றால் 21,50,400-ல் ஒரு பங்கு என்கிறார்களே, பத்து லட்சம், ஒரு கோடி என்று உருண்டையாக வைக்காமல் இப்படி ஒரு எண்ணை எதற்காக வைத்தார்கள்?

இந்த எண்ணின் சிறப்பு அது எவ்வளவு சிறிய பங்கைக் காட்டுகிறது என்பதில் இல்லை. எந்தெந்தப் பங்குகளை மீதியின்றி முடித்துத் தருகிறது என்பதில்தான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று சொற்கள்

1. வகுஎண்: ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 ஆகியவை வகுஎண்கள்.
2. பகா எண்: 1-ஐயும் தன்னையும் தவிர வேறு வகுஎண் இல்லாதது. 2, 3, 5, 7, 11, 13 என்று போகும்.
3. அடுக்கு: ஒரு பகா எண் எத்தனை முறை பெருக்கலில் வருகிறது என்ற கணக்கு. 8 என்பது 2-ன் மூன்றாம் அடுக்கு.

எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். வரிசை மாறலாமே தவிர, எழுத ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்தப் பிரிப்பு கையில் கிடைத்துவிட்டால் எண்ணின் மற்ற குணங்கள் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

பன்னிரண்டு முறை பாதியாக்கினால்

21,50,400 இரட்டை எண். பாதி, பாதியின் பாதி என்று இறங்கிக்கொண்டே போகலாம்:

21,50,400 → 10,75,200 → 5,37,600 → 2,68,800 → 1,34,400 → 67,200 → 33,600 → 16,800 → 8,400 → 4,200 → 2,100 → 1,050 → 525

பன்னிரண்டாவது பாதியில் 525 என்ற ஒற்றை எண்ணில் வந்து நிற்கிறது. 525 = 3 × 5 × 5 × 7. ஆகவே,

21,50,400 = 2¹² × 3 × 5² × 7

இந்த இறக்கத்தின் முதல் ஆறு படிகளைக் கவனியுங்கள். 10,75,200 இம்மி என்பது அரை. 5,37,600 கால். 2,68,800 அரைக்கால். 1,34,400 வீசம், அதாவது 16-ல் ஒன்று; ரூபாய்க் கணக்கில் ஓர் அணா. 67,200 அரைவீசம். 33,600 கால்வீசம். கீழ்வாய் இலக்கத்தில், அதாவது தமிழ்ப் பின்ன வாய்பாட்டில், பாதி பாதியாக வரும் பெயர்கள் எல்லாம் இங்கே முழு எண்ணாக நிற்கின்றன. ஆறு பெயர்கள் முடிந்த பிறகும் பாதியாக்க ஆறு படி மிச்சம் இருக்கிறது.

320 எப்படி வந்தது, 21 எதற்கு

தமிழ்ப் பின்னங்களில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று பாதியாக்கும் வரிசை: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். அது 64-ல் ஒன்று வரை போகிறது. மற்றது மா வரிசை: நாலுமா (5-ல் ஒன்று), இருமா (10-ல் ஒன்று), ஒருமா (20-ல் ஒன்று), அரைமா (40-ல் ஒன்று), காணி (80-ல் ஒன்று). முதல் வரிசையில் 2 மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் 5-ம் சேர்கிறது.

இரண்டு வரிசையையும் ஒரே கணக்கில் கலந்து கூட்ட வேண்டுமானால், 64-ஆலும் 80-ஆலும் வகுபடும் மிகச் சிறிய எண் வேண்டும். 64 = 2⁶, 80 = 2⁴ × 5; ஆகவே மீச்சிறு பொது மடங்கு 2⁶ × 5 = 320. முந்திரி என்பது 320-ல் ஒன்று. இதற்குக் குறைந்த எந்த எண்ணும் இரண்டு வரிசையையும் சேர்த்துத் தாங்காது. இதற்கு மேல் போக அவசியமும் இல்லை.

முந்திரிக்குக் கீழே அதே ஏணியை இன்னொரு முறை வைக்கிறார்கள். முந்திரியை 320-ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி: 320 × 320 = 1,02,400-ல் ஒன்று. முந்திரியில் பாதி கீழரை, முந்திரியில் கால் பங்கு கீழ்க்கால் என்று பெயர்கள் 'கீழ்' சேர்த்துத் திரும்ப வரும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவு குறிக்கும்போது இந்தக் 'கீழ்' முறை வருகிறது.

ஆனால் 1,02,400 = 2¹² × 5². இதில் 3 இல்லை. ஒரு பொருளை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. எத்தனை முறை 'கீழ்' போட்டு இறங்கினாலும் முடியாது. 320-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 2-ம் 5-ம்தான் கூடிக்கொண்டே போகும்.

இங்கேதான் இம்மி வருகிறது. 21 இம்மி ஒரு கீழ்முந்திரி. 21 = 3 × 7. ஒரே படியில் இரண்டு புதிய பகா எண்கள் உள்ளே வந்துவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும்:

1. 320-ஐ 3-ஆல் வகுத்தால் 106 முந்திரி. மீதி 2 முந்திரி.
2. 106 முந்திரி = கால் (80) + வீசம் (20) + காணி (4) + அரைக்காணி (2).
3. மீதி 2 முந்திரி = 640 கீழ்முந்திரி. 3-ஆல் வகுத்தால் 213. மீதி 1 கீழ்முந்திரி.
4. 213 கீழ்முந்திரி = கீழரை (160) + கீழரைக்கால் (40) + கீழரைமா (8) + கீழ்க்காணி (4) + கீழ்முந்திரி (1).
5. மீதி 1 கீழ்முந்திரி = 21 இம்மி. 3-ஆல் வகுத்தால் 7 இம்மி. மீதி இல்லை.

இம்மியில் கூட்டினால் 106 × 6,720 = 7,12,320; 213 × 21 = 4,473; அத்துடன் 7. மொத்தம் 7,16,800. மும்மடங்கு செய்தால் 21,50,400 சரியாக வருகிறது. நான்காவது படியோடு நின்றிருந்தால் பங்குக்கு 7 இம்மி விடுபட்டு, கணக்கு மூடாமலே இருந்திருக்கும்.

இதையே அணாக் கணக்கிலும் சரிபார்க்கலாம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்றில் ஒரு ரூபாய் 5 அணா 4 தம்பிடி. 192 = 2⁶ × 3 என்பதால் 21,50,400-ஐ அது மீதியின்றி வகுக்கிறது: தம்பிடிக்கு 11,200 இம்மி. 5 அணா 6,72,000 இம்மி, 4 தம்பிடி 44,800 இம்மி, கூட்டினால் அதே 7,16,800. 1957 ஏப்ரல் 1 முதல் வந்த நூறு பைசாக் கணக்கும் இதில் அடங்கும்: பைசாவுக்கு 21,504 இம்மி. ஆனால் நூறில் 3 இல்லாததால், அணாவில் முடிந்த மூன்றில் ஒரு பங்கு பைசாவில் 33.33 என்று இழுத்துக்கொண்டே போகிறது.

கொண்டுவிற்க, அதாவது வெளியூரில் தொழில் செய்ய, போன இடங்களில் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கடைகள் இம்மி வரை பேரேட்டில் பற்று வரவு எழுதின என்று இதற்குப் பொருள் இல்லை. காசுக் கணக்கு தம்பிடியோடு முடிந்துவிடும். வாய்பாடாகப் படித்த பின்ன ஏணி எந்த எண்ணின் மேல் நிற்கிறது என்பதே இங்கே பேச்சு.

எந்த வகை எண் இது

பிரிப்பு கையில் இருப்பதால் வகைகளை வரிசையாகச் சொல்லிவிடலாம்.

1. வகுஎண்கள் 156. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 13 × 2 × 3 × 2. இவற்றில் ஒற்றை எண்கள் 12 மட்டுமே. மற்ற 144-ம் இரட்டை.

2. வர்க்க எண் அல்ல. 3-ம் 7-ம் ஒற்றை அடுக்கில் நிற்பதே காரணம். 21-ஆல் வகுத்தால் 320-ன் வர்க்கம். 21-ஆல் பெருக்கினால் 6,720-ன் வர்க்கம். வர்க்கமூலம் 1,466-க்கும் 1,467-க்கும் இடையில் விழுகிறது. அதற்கு மிக நெருங்கிய வகுஎண் இணை 1,400 × 1,536.

3. மிகையெண். எல்லா வகுஎண்களின் கூட்டுத்தொகை 8,191 × 4 × 31 × 8 = 81,25,472. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 59,75,072. எண்ணைப்போல் இரண்டே முக்கால் மடங்குக்கும் சற்று மேல். இப்படிக் கழித்து வரும் தொகை எண்ணைவிட மிகுந்தால் அது மிகையெண், சமமாக வந்தால் நிறைவெண், குறைந்தால் குறைவெண். இந்த 8,191 ஒரு பகா எண். அதை இங்கே இருக்கும் அதே 2¹²-ஆல், அதாவது 4,096-ஆல் பெருக்கினால் 3,35,50,336 வருகிறது. அது ஐந்தாவது நிறைவெண். பார்க்கும்போதே மகிழ்ச்சி தரும் பொருத்தம்.

4. ஹர்ஷத் எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 2 + 1 + 5 + 0 + 4 + 0 + 0 = 12; எண் 12-ஆல் வகுபடுகிறது (1,79,200). மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் வைத்த பெயர் இது. பத்தடிமானத்தில் எழுதுவதால் வரும் குணம். எண்ணின் ஆழத்தைப் பற்றி அதிகம் சொல்லாது.

5. சார்பகா எண்கள் 4,91,520. அதாவது 1 முதல் 21,50,400 வரையுள்ள எண்களில் இத்தனை மட்டுமே இதனுடன் பொதுக் காரணி இல்லாதவை. 35-க்கு 8 என்ற விகிதம். மற்ற எல்லாவற்றோடும் ஏதோ ஒரு காரணியில் உறவு இருக்கிறது.

6. நடைமுறை எண். பங்குக் கணக்குக்கு முக்கியமான வகை இதுதான். ஓர் எண்ணைவிடச் சிறிய எந்த முழு எண்ணையும் அதன் வகுஎண்களை ஒவ்வொரு முறை மட்டுமே எடுத்துக் கூட்டிப் பெற முடிந்தால் அது நடைமுறை எண். 1948-ல் ஏ. கே. சீனிவாசன் இந்த வகையை வரையறுத்தார். 21,50,400-ம் இதில் சேரும், 320-ம் சேரும். இதனால் கிடைக்கும் பயன்: 320-ல் எத்தனை பங்கு கேட்டாலும், ஒரே பெயரை இரண்டு முறை சொல்லாமல் சிறு பின்னங்களாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். 7 முந்திரி என்றால் காணி, அரைக்காணி, முந்திரி.

வங்கிப் பரிமாற்றத்தைப் பூட்டும் எண்களுக்கு நேர் எதிரான குணம் இது. அங்கே இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, பல நூறு இலக்கம் நீளும் ஓர் எண்ணை உண்டாக்குகிறார்கள். அதைப் பிரிக்க முடியாமல் இருப்பதே பாதுகாப்பு. 21,50,400 காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் உடைந்துவிடும். உடைவதற்காகவே அமைந்த எண்.

ராமானுஜனின் பட்டியலில் இருக்கும் அண்டை எண்

அப்படியானால் வகுஎண்கள் மிக அதிகமாக உள்ள எண் இதுதானா? இல்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்டதை உயர் பகு எண் என்கிறோம். ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். அந்த வகையில் வரும் 21,62,160 நம் எண்ணைவிட 11,760 மட்டுமே அதிகம். ஆனால் வகுஎண்கள் 320. இரண்டு மடங்குக்கும் மேல். (முந்திரியின் 320-க்கும் இதற்கும் தொடர்பு இல்லை.)

21,62,160 = 2⁴ × 3³ × 5 × 7 × 11 × 13

இது 9-ஆல் வகுபடும், 11-ஆல் வகுபடும், 13-ஆல் வகுபடும். நம் எண் இந்த மூன்றாலும் வகுபடாது. ஆனால் 21,62,160-ஐ நான்கு முறைக்கு மேல் பாதியாக்க முடியாது. வீசம் வரை சரி. அரைவீசம் 67,567½ என்று உடைந்துவிடுகிறது. கால்வீசம், முந்திரி, தம்பிடி, பைசா எதுவும் முழுதாக வராது.

வகுஎண்களின் எண்ணிக்கை மட்டும் அளவுகோல் என்றால் ராமானுஜனின் எண் வெல்கிறது. பாதி பாதியாக இறங்கும் கணக்குக்கு அது உதவாது. கணக்கப்பிள்ளைக்கு வேண்டியது நிறைய வகுஎண்கள் அல்ல, அன்றாடம் கேட்கப்படும் வகுஎண்கள். பன்னிரண்டு இரண்டுகளைச் சுமக்கும் 21,50,400 அந்த வேலைக்கு உரிய எண்.

எங்கே முடியாமல் போகும்

ஓர் எண் 21,50,400-ஐ மீதியின்றி வகுக்குமா என்று பார்க்க ஒரே விதி போதும்: அதன் பகாப் பிரிப்பில் 2 பன்னிரண்டு முறைக்கு மேலும், 3 ஒரு முறைக்கு மேலும், 5 இரண்டு முறைக்கு மேலும், 7 ஒரு முறைக்கு மேலும் வரக்கூடாது, வேறு பகா எண் எதுவும் வரவே கூடாது. 1 முதல் 8 வரை எல்லாம் தேறும். 10, 12, 14, 15, 16, 48, 60, 96, 100, 192, 420, 1,024 தேறும். 9, 11, 13, 18, 360, 365, 1,000 தேறாது.

நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்கு உரிய நகரக் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரு தொகையை ஒன்பதுக்கும் சமமாகப் பிரித்தால் பங்குக்கு 2,38,933⅓ இம்மி. மூன்றில் ஒன்று தொங்கி நிற்கிறது, ஏனென்றால் 9-க்கு இரண்டு 3 வேண்டும். இங்கே இருப்பது ஒன்று.

வளவு வீட்டுப் (செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுப்) பங்கிலும் இதே சிக்கல் வரும். ஒருவருக்கு நான்கு வாரிசு, அவர்களில் ஒருவருக்கு ஐந்து, அவர்களில் ஒருவருக்கு ஏழு என்றால் கடைசிப் பங்கு 140-ல் ஒன்று. 15,360 இம்மி, சுத்தமாக முடிகிறது. மூன்று வாரிசு, அடுத்த தலைமுறையிலும் மூன்று என்றால் 9-ல் ஒன்று, முடியாது. 140-ல் ஒரு பங்கு சரியாக வர, 9-ல் ஒரு பங்கு வராமல் போவது முதலில் விசித்திரமாகத் தோன்றும். காரணம் அளவில் இல்லை, காரணியில் இருக்கிறது.

பங்கு எழுதும்போது செய்ய வேண்டியது:

1. தலைமுறை தோறும் வாரிசு எண்ணிக்கையைப் பெருக்கி, பங்குப் பின்னத்தின் கீழ் எண்ணைக் கண்டுபிடிக்கவும்.
2. அதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கவும்.
3. எல்லாப் பங்குதாரர்களின் கீழ் எண்களுக்கும் மீச்சிறு பொது மடங்கு எடுக்கவும். அதுவே அந்த வீட்டுக்கான அடி எண்.
4. பத்திரத்தில் பங்கைப் பின்னமாகவே எழுதவும். சதவீதமாக மாற்ற வேண்டாம்.

நான்காவதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 9-ல் ஒன்றை 11.11 சதவீதம் என்று எழுதினால் ஒன்பது பங்கும் சேர்ந்து 99.99-தான். 20,000 சதுர அடி மனையில் 2 சதுர அடிக்கு உரிமையாளர் இல்லை. இன்னொரு தலைமுறை மூன்றாகப் பிரிந்து 27-ல் ஒன்று 3.70 சதவீதம் ஆனால், கூட்டுத்தொகை 99.90, ஆளில்லாத இடம் 20 சதுர அடி.

வட்டிக் கணக்கில் சிக்கல் 5-ல் வருகிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், மாதம் முப்பது நாள் என்று வைத்தால், ஒரு ரூபாய் முதலுக்கு ஒரு நாள் வட்டி ரூபாயில் 3,000-ல் ஒன்று. 3,000-க்கு மூன்று 5 வேண்டும், நம்மிடம் இரண்டு. விடை 716.8 இம்மி. அதை 717 என்று ஏற்றினால், ஆயிரம் ரூபாய் முதலுக்கு 365 நாளில் சேரும் பிழை 73,000 இம்மி, மூன்றரைப் பைசாவுக்குள். அதே நாள் வட்டியை முந்திரியில் எழுத முயன்றால் ஒரு முந்திரியில் பத்தில் ஒரு பங்கு அளவே வரும். சிறிய அலகு முந்திரிதான் என்று வைத்தால் நாள் வட்டி பூஜ்யம் ஆகிவிடும்.

'அணுவை அளந்தார்கள்' என்பது சரியா

பழைய முகத்தல் அளவில் 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு நாழி, 96 நாழி ஒரு கலம். நாழிக்கு 14,400 நெல். கலத்துக்கு 13,82,400 நெல். இது 2¹¹ × 3³ × 5². இம்மியின் எண்ணோடு ஒப்பிட்டால், ஒரு கலம் நெல்லில் ஓர் இம்மி என்பது ஒரு நெல்மணியில் 14-ல் 9 பங்கு. நெல்லை வெட்டினால் தவிர இம்மி கிடைக்காது. ஆகவே இம்மியைக் கையால் அளந்து கொடுத்திருக்க வழியில்லை. அது பங்கு பிரிக்கும்போது மீதி விழாமல் இருக்க வைத்துக்கொண்ட கணக்கு அலகு. அதற்குக் கீழே உள்ள பெயர்களும் அப்படியே. 'அணு' என்ற பெயர் 16,55,80,800-ல் ஒரு பங்கைக் குறிக்கிறது. எந்தப் பொருளின் பங்கு என்று சொல்லாதவரை அதற்கு நீளமோ எடையோ கிடையாது. இயற்பியல் சொல்லும் அணுவோடு அதை முடிச்சுப் போடுவது தவறு.

சுற்றும் பட்டியலைச் சரிபார்க்க

பட்டியல் பரவும்போது பூஜ்யங்கள் விடுபடுகின்றன. சரிபார்ப்பது எளிது: ஒவ்வோர் எண்ணையும் அதற்கு மேலுள்ள எண்ணால் வகுக்க வேண்டும். முந்திரியிலிருந்து கீழ்முந்திரிக்கு 320, இம்மிக்கு 21, மும்மிக்கு 11 (2,36,54,400), அணுவுக்கு 7, குணத்துக்கு 9 (1,49,02,27,200), பந்தத்துக்கு 5, பாகத்துக்கு 6, விந்தத்துக்கு 7, நாகவிந்தத்துக்கு 17, சிந்தைக்கு 14, அதன் பிறகு 20, 40, 60, 100. கடைசியில் தேர்த்துகளுக்கு 6½. விடை இப்படி வராவிட்டால் அந்த வரியில் இலக்கம் பிசகியிருக்கிறது.

இந்தப் பெருக்கிகளைப் பார்த்தாலே எந்தப் பங்கு எந்தப் படியில் முடியும் என்று சொல்லிவிடலாம். 11-ல் ஒன்று மும்மியில் முடியும். கோயில்களுக்கான 9-ல் ஒன்று குணத்தில் முடியும்: சரியாக 16,55,80,800 குணம். 17-ல் ஒன்றுக்கு நாகவிந்தம் வரை இறங்க வேண்டும். 13-ல் ஒன்றுக்குக் கடைசிப் படியான தேர்த்துகள் வரை போக வேண்டும், ஏனென்றால் 6½ என்பது 13-ல் பாதி; அங்கேதான் 13 முதன்முறையாக உள்ளே வருகிறது. பத்தொன்பது பேர் பங்குக்கு நின்றால் இந்தப் பட்டியலின் எந்தப் படியிலும் கணக்கு முடியாது.